மறைத்து வைத்த ஏடுகள்

இந்தியாவெங்கும் உருது பேசும் முஸ்லிம் இல்லங்களில், மணமகளுக்கு வழங்கும் சீர்ப்பொருள்களோடு திருக்குர்ஆனையும் அதற்கடுத்து ஒரு தடித்த உருது நூலையும் வைத்தனுப்பும் வழக்கம் நெடுங்காலம் நிலவியது. தக்கனி உருது வீட்டுமொழியாக வழங்கும் கிருஷ்ணகிரி, ஓசூர் வட்டாரத்திலும் அந்நூலின் பெயரைக் கேட்டறியாத முதிய பெண்மணிகள் அரியர். மௌலானா அஷ்ரஃப் அலீ தானவி (ரஹ்) அவர்கள் (1863–1943) இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இயற்றிய ‘பெஹிஷ்தீ ஸேவர்’தான் அது. சுவர்க்கத்து அணிகலன் என்பது அப்பெயரின் பொருள். எழுத்துகளின் வரிசையில் தொடங்கி, கடிதம் எழுதும் முறை, தொழுகை, நோன்பு, கொடுக்கல் வாங்கல், மருத்துவம், வீட்டுக் கணக்கு என ஒரு பெண் அறியவேண்டுவன என்று ஆசிரியர் கருதிய யாவும் அதனுள் அடங்கும்.

அந்நூலின் இறுதிப் பகுதியில் ஒரு பட்டியல் உண்டு. பெண்கள் படிக்கத்தக்க நூல்கள் எவை, படித்தால் தீங்கு பயப்பன எவை என அது பிரித்துக் காட்டும். தீங்கு பயப்பனவற்றுள் கஸல் தொகுதிகள், ‘இந்தர் சபா’, ‘பத்ரே முனீர்’ கதை, ‘அலிஃப் லைலா’, அமீர் ஹம்ஸாவின் கதை, ‘குலே பகாவலி’ ஆகியன அடங்கும். நாவல்கள் அனைத்தும் ஒரே சொல்லில் விலக்கப்பட்டுள்ளன. இவையெல்லாம் எதிர்பார்க்கத் தக்கவையே. ஆனால் யூசுஃப் அத்தியாயத்தின் உருது விரிவுரையும் அப்பட்டியலில் இடம்பெற்றிருப்பதைக் காணும்போது நாம் சற்றே நின்றுவிடுகிறோம். திருமறையில் மிக அழகிய வரலாறு என்று சிறப்பித்துக் கூறப்பட்ட வரலாறு அது. அதன் விரிவுரைகளில் வலுவற்ற செய்திகள் கலந்திருப்பதும், அக்கதை இளம் உள்ளங்களைக் கலக்கக்கூடும் என்பதும் மௌலானாவின் கவலை.

வரலாற்றை ஆராய்வோர்க்கு இத்தகைய பட்டியல் ஒரு புதையல். எவரும் படிக்காத நூலை எவரும் தடுப்பதில்லை. வட இந்தியாவின் முஸ்லிம் இல்லங்களில் திரைக்குப் பின்னால் இருந்த பெண்கள் எதை விரும்பிப் படித்தார்கள், அல்லது படிக்கக் கேட்டார்கள் என்று தெரிவிக்கும் ஆவணங்கள் சிலவே. மௌலானாவின் பட்டியல், தாம் நினையாமலே, அவர்களுடைய வாசிப்பறையின் பெயரேடாக நமக்கு வாய்த்திருக்கிறது. அச்சகங்கள் பெருகி, மலிவு விலைக் கதைநூல்கள் அங்காடிகளில் குவிந்த காலம் அது. அவை அந்தப்புரத்தினுள்ளும் நுழைந்தன. எவர் கையால், எந்த மடிப்பினுள் மறைந்து நுழைந்தன என்பதை மட்டும் பட்டியல் சொல்லவில்லை.

விலக்கப்பட்டோர் வரிசையில் டிப்டி நஸீர் அஹ்மதும் இருக்கிறார் என்பது தனிச் சுவையுடையது. பெண்கல்விக்கென்றே 1869-இல் ‘மிர்ஆத்துல் அரூஸ்’ எழுதி, அரசின் ஆயிரம் ரூபாய்ப் பரிசைப் பெற்றவர் அவர். அவருடைய ‘தவ்பத்துன் நஸூஹ்’ (1874) என்னும் கதையில், மனந்திருந்திய தந்தையொருவர் தம் மூத்த மகன் சேர்த்து வைத்திருந்த நூல்களை நெருப்பிலிடும் காட்சி வரும். மனைவி பயின்ற ‘குலிஸ்தான்’ பிரதியிலேயே சில பகுதிகள் மறைக்கப்பட்டிருந்த செய்தியும் அக்கதையில் உண்டு. ஆக, நூலெரிப்பை நற்செயலாகச் சித்திரித்த ஆசிரியரின் நூல்களே அடுத்த தலைமுறையில் தீய நூல்களாயின. அத்துடனும் முடியவில்லை. அவர் 1908-இல் எழுதிய ‘உம்மஹாத்துல் உம்மா’ சமூகத்தின் சினத்துக்கு ஆளாகி, அதன் பிரதிகள் திரட்டி எரிக்கப்பட்டன.

இவ்விடத்தில் நம்மவர்கள் வழக்கமாகச் சொல்லும் ஒரு விடை உண்டு: “தடுத்தது மார்க்கமன்று, ஊர் வழக்கம்.” பல வேளைகளில் இது உண்மையே. எனினும் எல்லா வேளையிலும் இதன் பின்னே ஒதுங்கிக்கொள்வது நேர்மையாகாது. மௌலானா தானவி ஊர் வழக்கத்தின் பிரதிநிதி அல்லர்; வழக்கங்களைக் கடுமையாகச் சாடிய பேரறிஞர். பெண்ணுக்கு எழுதக் கற்றுக்கொடுப்பதே பிழை என்று எண்ணிய காலத்தில், எழுத்துகளைக் கொண்டே தம் நூலைத் தொடங்கியவர். படிப்பின் வாயிலைத் திறந்த கையே பட்டியலையும் எழுதியது. அதை மறைத்துப் பேசுவதால் அவருடைய பெருமை கூடப்போவதில்லை.

இச்சிக்கலின் வேர் மிகப் பழையது. இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் தம் தன்வரலாற்று நூலான ‘அல்முன்கித் மினள் ளலால்’ என்பதில் ஒரு செய்தியைத் தெரிவிக்கிறார்கள். பக்தாதில் முந்நூறு மாணவர்களுக்குப் பாடம் சொல்லிக்கொண்டிருந்த நாள்களில், பாடத்துக்கும் எழுத்துக்கும் இடையே கிடைத்த ஓய்வு நேரங்களில், ஆசிரியர் எவரது துணையுமின்றித் தத்துவ ஞானிகளின் நூல்களைத் தனியே படித்து, இரண்டாண்டுகளுக்குள் அவர்தம் அறிவின் எல்லையைக் கண்டுகொண்டதாகக் கூறுகிறார்கள். அதன்பின் அந்நூல்களைப் பொதுமக்கள் தொடலாகாதென்றும் அதே நூலில் வற்புறுத்துகிறார்கள். நீந்தத் தெரியாதவனை ஆற்றங்கரையிலிருந்து விலக்க வேண்டும், பாம்பாட்டி தன் சிறு மகன் முன்னே பாம்பைத் தொடலாகாது என்பன அவர்கள் காட்டும் உவமைகள். தம் வாழ்நாளின் இறுதியில் அவர்கள் எழுதிய நூலொன்றின் பெயரே, கலாம் என்னும் இறையியல் வாதக் கலையிலிருந்து பாமரர்க்குக் கடிவாளமிடுதல் என்று பொருள்படும்.

இங்கே தடை நூலின் மீதன்று, படிப்பவர் மீது என்பது நோக்கத்தக்கது. அறிஞன் படித்தால் ஆராய்ச்சி. அதே ஏடு பாமரன் கைக்குச் சென்றால் குழப்பம். இப்பாகுபாட்டில் பொருளே இல்லை என்று தள்ளிவிட முடியாது. மருத்துவ நூலைப் படித்துத் தானே மருந்துண்பவனை நாமும் தடுக்கத்தான் செய்வோம். ஆனால் பாமரர் யார் என்று வகுக்கும் உரிமை எவரிடம் இருக்கிறதோ, அவரிடமே நூலகத்தின் திறவுகோலும் சென்று சேர்கிறது. பெண்கள் அனைவரும் பிறப்பினாலேயே பாமரர் வரிசையில் வைக்கப்பட்டது இவ்வழியேதான். இமாம் அவர்களின் நூலுக்கே நேர்ந்த கதியையும் இங்கு நினைவுகூரலாம். ‘இஹ்யா உலூமித்தீன்’ இன்று நம் மதரஸாக்களின் அணிகலன். கி.பி. 1109-இல், ஆசிரியர் உயிரோடிருக்கும்போதே, முராபித்து ஆட்சியாளர் அலீ இப்னு யூசுஃபின் ஆணைப்படி அது குர்துபா நகரில் எரிக்கப்பட்டது. அந்நாளில் அந்தலூஸில் அதைக் கையில் வைத்திருந்தவர், தடை செய்யப்பட்ட நூலை வைத்திருந்தவரே.

பெண்களைப் பொறுத்தவரை, படிப்பதைவிட எழுதுவதே பெரிதும் அஞ்சப்பட்டது. ஓதக் கற்றுக்கொடுப்பர், எழுதக் கற்றுக்கொடார். எழுதத் தெரிந்தால் அயலானுக்கு மடல் வரைவாள் என்பது அச்சம். இதற்குச் சான்றாக, பெண்களுக்கு எழுதக் கற்பிக்காதீர்கள், நூற்கக் கற்பியுங்கள் என்னும் கருத்தமைந்த ஓர் அறிவிப்பு நெடுங்காலம் எடுத்துக்காட்டப்பட்டு வந்தது. ஹாகிம் அவர்கள் இதனைத் தம் ‘முஸ்தத்ரக்’கில் சேர்த்திருந்தபோதிலும், இமாம் தஹபி (ரஹ்) இது இட்டுக்கட்டப்பட்டது எனத் தீர்ப்பளித்தார்கள், இப்னுல் ஜவ்ஸியும் புனைந்துரைகளின் தொகுப்பிலேயே இதற்கு இடமளித்தார். இதற்கு நேர்மாறாக அபூதாவூதில் வரும் ஹதீஸில், அன்னை ஹஃப்ஸா (ரலி) அவர்களுக்கு எழுத்தைக் கற்பித்தது போன்று ஓதிப்பார்க்கும் முறையொன்றையும் கற்பிக்கலாகாதா என்று ஷிஃபா பின்த் அப்துல்லாஹ் (ரலி) அவர்களிடம் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கேட்கிறார்கள். நபியவர்களின் இல்லத்திலேயே ஒரு பெண் மற்றொரு பெண்ணுக்கு எழுத்தறிவித்திருக்கிறார். அபூதாவூதுக்கு விரிவுரை கண்ட ஷம்சுல் ஹக் அளீமாபாதி (இறப்பு 1911), பெண்களுக்கு எழுத்துக் கற்பித்தல் கூடும் என நிறுவுவதற்கென்றே தனி நூல் எழுத வேண்டியிருந்தது. அவ்வளவு தெளிவான செய்திக்குத் தனி நூல் தேவைப்பட்டதே அக்காலத்தின் நிலைக்குச் சான்று.

அந்நிலையில் ஒரு சிறுமி என்ன செய்வாள்? பிஜ்னோர் மாவட்டத்து பஹ்னேரா என்னும் ஊரில் 1840-இல் பிறந்த அஷ்ரஃபுன்னிஸா பேகம், ‘பீபீ அஷ்ரஃப்’ என்று அறியப்பட்டவர், தாம் எழுதப் படிக்கக் கற்ற கதையைத் தம் முதுமையில் எழுதினார். லாகூரிலிருந்து வெளிவந்த ‘தஹ்ஸீபே நிஸ்வான்’ என்னும் மகளிர் இதழில் அது இடம்பெற்றது. சையிதுக் குடும்பம். திருக்குர்ஆன் ஓதக் கற்பித்த ஆசிரியை ஒரு கைம்பெண். அவர் மறுமணம் செய்துகொண்டதும் பாடம் நின்றுபோயிற்று. சிறுமிக்கோ உருது ஏடுகளைப் படிக்கும் வேட்கை. கேட்ட பெண்கள் எல்லாரும் மறுத்தனர், சிலர் எள்ளினர். முஹர்ரம் மாதத்து மஜ்லிஸ்களில் ஓதப்படும் ஏடுகளைக் கேட்டு வாங்கி, சமையலறைத் தோசைக்கல்லின் அடிக்கரியை வழித்து மையாக்கி, துடைப்பக் குச்சிகளை எழுதுகோலாக்கி, நண்பகலில் வீட்டார் உறங்கும்போது அவ்வெழுத்துகளைப் பார்த்துப் பார்த்து வரைந்தார். எழுதியது இன்னதென்று எழுதியவருக்கே தெரியாது! பின்னர் உறவினச் சிறுவனொருவனுக்கு அவர் ஓதக் கற்பித்தார். அவன் கைம்மாறாக உருது படிக்கக் கற்றுக்கொடுத்தான். எழுத்தை வெறுத்த சிறிய தந்தைக்கு இது தெரியவந்தபோது எழுந்த சினத்தையும் அவர் மறைக்காமல் பதிவு செய்திருக்கிறார். பிற்காலத்தில் லாகூரில் பெண்கள் பள்ளியொன்றின் ஆசிரியையாக விளங்கி, 1903-இல் மறைந்தார்.

அவர் திருட்டுத்தனமாகப் படிக்க விரும்பியவை காதற்கதைகள் அல்ல; கர்பலா தியாகிகளைப் பற்றிய ஏடுகள். இதை நாம் மறந்துவிடலாகாது. மறைந்து படித்தவரெல்லாம் நம்பிக்கையிலிருந்து வெளியேற வழி தேடியவர் என்று கொள்வது, தடுத்தவர்களின் கூற்றை அப்படியே ஒப்புக்கொள்வதாகும்.

வங்காளத்தின் பாயிராபந்தில் பிறந்த ரொக்கையா சகாவத் ஹுசைன் (1880–1932) வீட்டார் உறங்கிய பின் விளக்கொளியில் தமையனிடம் வங்காளமும் ஆங்கிலமும் கற்றவர். அவர் ஆங்கிலத்தில் எழுதிய ‘சுல்தானாவின் கனவு’ முதன்முதலில் 1905-இல் அச்சேறியது நம் சென்னையில், கமலா சத்தியநாதன் நடத்திய மகளிர் இதழில் என்பதைப் பலர் அறியார்.

தமிழ் முஸ்லிம்களின் வரலாறு இதிலிருந்து சற்றே வேறுபட்டது. கடற்கரை ஊர்களில் அரபுத் தமிழ் வழங்கியது. அரபெழுத்தில் ஓதக் கற்ற பெண், அதே எழுத்தில் எழுதப்பட்ட தமிழையும் படிக்கக்கூடியவளானாள். பெண் புத்தி மாலைகளையும் நபிமார் வரலாறுகளையும் சரளமாகப் படித்தவர்கள், தமிழ் எழுத்தை அறியாத காரணத்தால், எழுதப் படிக்கத் தெரியாதோர் என்றே பிறர் கண்ணுக்குப் பட்டிருப்பர். கீழக்கரை ஆசியா உம்மா, இளையான்குடி கச்சிப்பிள்ளையம்மாள், தென்காசி ரசூல் பீவி போன்றோர் ஞானப்பாடல்கள் இயற்றினர். ஆன்மிகப் பாடல் பெண்ணுக்கு மறுக்கப்படவில்லை. நாவல் என்று வந்தபோதுதான் புருவங்கள் உயர்ந்தன. மூன்றாம் வகுப்போடு பள்ளியை விட்டு, இளம் வயதிலேயே கணவரை இழந்த நாகூர் சித்தி ஜுனைதா பேகம் 1938-இல் ‘காதலா கடமையா’ என்னும் நாவலை வெளியிட்டார். முஸ்லிம் பெண் கதை எழுதுவதா என்று கண்டித்தோர் பலர், உ.வே. சாமிநாதையர் போன்ற பெரும்புலவர் பாராட்டியதும் உண்டு.

உள்நாட்டின் வடமேற்கு மூலையில், கிருஷ்ணகிரி, ஓசூர் வட்டாரத்தில், கதை மீண்டும் வேறு. கிருஷ்ணகிரியை உள்ளடக்கிய பாராமகால் நிலம் 1792-ஆம் ஆண்டின் ஸ்ரீரங்கப்பட்டின உடன்படிக்கை வரையும், ஓசூர்ப் பகுதி 1799 வரையும் திப்பு சுல்தானின் ஆட்சியில் இருந்தன. சுல்தானின் நூலகத்தில் ஏறத்தாழ 2,000 கையெழுத்துப் பிரதிகள் இருந்தன. சார்லஸ் ஸ்டூவர்ட் என்னும் ஆங்கிலேயர் 1809-இல் அச்சிட்ட அதன் விவரப் பட்டியலில் தஃப்ஸீர், ஹதீஸ், ஃபிக்ஹு ஆகியவற்றோடு கவிதைக்கும் கதைகளுக்கும் தத்துவத்துக்கும் தனித்தனிப் பிரிவுகள் உள்ளன. அரண்மனையில் கவிதை, அறத்துக்கு அண்டை வீட்டில் குடியிருந்தது. 1799-இல் ஸ்ரீரங்கப்பட்டினம் வீழ்ந்தபின் அந்நூல்கள் கல்கத்தாவுக்கும் லண்டனுக்கும் சென்றன. இங்கே எஞ்சியவை கோட்டைகளும், பள்ளிவாசல்களும், தக்கனி மொழியும்.

வீட்டில் தக்கனி, தெருவில் தமிழும் தெலுங்கும் கன்னடமும், ஓதுவது அரபு, பள்ளியில் தமிழ் என்னும் இந்நிலத்தில் எழுத்தே ஒரு திரையாக அமைந்தது. உருது மட்டும் படித்த பாட்டியால், பேத்தியின் கையிலுள்ள தமிழ் நூல் பாடப்புத்தகமா தொடர்கதையா என்று பிரித்தறிய இயலாது. கடற்கரையில் பெண்ணை எழுத்துலகிலிருந்து பிரித்த அதே எழுத்து வேற்றுமை இங்கே அவளுக்குக் காவலாயிற்று. எந்தப் பட்டியலும் உருதுவிலேயே இருந்தது. தமிழ் நாவல்களின் பெயர்கள் அதில் இல்லை. இன்று ஓசூரை அடுத்த மின்னணுத் தொழிற்சாலைகளில் பணிபுரியும் ஆயிரக்கணக்கான இளம்பெண்கள், விடுதி அறைகளில் கைப்பேசித் திரையில் எதைப் படிக்கிறார்கள் என்று எந்தப் பாட்டியும் அறியப்போவதில்லை. அவர்களுக்கு மறைக்கும் தேவை குறைந்துவிட்டது; படிக்கும் நேரமும் குறைந்துவிட்டது என்பது வேறு செய்தி.

எழுத்தின் திரை உதவாத ஊர்களும் தமிழகத்தில் உண்டு. திருச்சி மாவட்டத்துத் துவரங்குறிச்சியில், வீட்டுமொழியும் ஊர்மொழியும் நூலின் மொழியும் தமிழே. அங்கு 1968-இல் பிறந்த ரொக்கையா, பருவமெய்தும் வயதில், ஊர் வழக்கப்படி பள்ளியிலிருந்து நிறுத்தப்பட்டார். பின்னைய ஆண்டுகள் வீட்டினுள்ளேயே கழிந்தன. ஊர் நூலகத்திலிருந்து பிறர் வழியே தருவித்த நூல்கள், அவற்றுள் தமிழில் வந்த ருஷ்ய நாவல்கள், அவையும் இல்லாதபோது மளிகைப் பொருள் மடித்துவந்த செய்தித்தாள் துண்டுகள் என அவர் படித்தார். திருமணத்துக்குப்பின் படிப்போடு எழுத்தும் சேர்ந்துகொண்டது. அதற்குக் கணவர் வீட்டில் ஒப்புதல் இல்லை. இரவில், கழிப்பறையில் நின்றபடி எழுதினார் என்பதை அவரே பலமுறை கூறியிருக்கிறார். ‘சல்மா’ என்னும் புனைபெயரில் கவிதைகள் இதழ்களில் வெளிவந்தபோது, எழுதுபவர் யாரென்று ஊருக்குத் தெரியாது. 2000-இல் ‘ஒரு மாலையும் இன்னொரு மாலையும்’ என்னும் கவிதைத் தொகுதியும், 2004-இல் ‘இரண்டாம் ஜாமங்களின் கதை’ என்னும் நாவலும் வெளிவந்தன. இடையில் 2001-இல், பெண்களுக்கென ஒதுக்கப்பட்ட இடத்தில் பொன்னம்பட்டிப் பேரூராட்சித் தலைவரானார். அதற்கு அவரை நிற்கச் செய்தவர் கணவரே. 2025-இல் மாநிலங்களவை உறுப்பினரானார்.

அவருடைய நாவலில் முஸ்லிம் இல்லங்களின் உட்பகுதி வெளிப்பட்ட விதத்தை ஏற்காதவர்கள் நம்மிடையே உண்டு. அந்த விவாதத்தை இலக்கியத் திறனாய்வாளர்கள் நடத்தட்டும். நமக்கு வேண்டிய செய்தி வேறு. படிப்பதற்கு முறையான அறையொன்று அவ்வீட்டில் இருந்திருந்தால், அவர் கழிப்பறையில் எழுதியிருக்க வேண்டியதில்லை. ஷிஃபா (ரலி) அவர்கள் எழுத்துக் கற்பித்தது நபியவர்களின் வீட்டில், மறைவாக அன்று.

இவ்வரலாற்றில் இன்னொருவரும் இருக்கிறார்; அவரைப் பற்றிப் பேசுவோர் குறைவு. மகளின் பள்ளிப்படிப்பு நின்றபோது அவ்வீட்டில் தாயும் இருந்தார். ஊராரின் சொல்லை அவர் மீறவில்லை. மகள் கணவர் வீட்டில் ஒளித்து வைத்திருந்த கவிதைத் தாள்களை, அவரைக் காண வந்துபோகும்போதெல்லாம் பிறர் கண்ணில் படாமல் எடுத்துச் சென்று, இதழ்களுக்குப் போய்ச் சேரும்படி செய்தவரும் அதே தாய்தான்.